டிரைவரில் நான் அழித்த ஒரு வரி

போன வாரம் போர் மோட்டார் ரிப்பேர்காரரோடு வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது கவிதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த கணினிப் பிரிவில் இப்போது இன்ஜினியராக இருப்பவள். நல்ல பெண், வேலை தெரிந்தவள். ஆனால் ரிட்டயர் ஆகி ஒன்றரை வருடம் ஆன ஆளுக்குப் போன் செய்கிறோமே என்கிற தயக்கம் அவளுக்கு அறவே கிடையாது.

“சார், நம்ம நெட்வொர்க் கார்டு டிரைவர்ல ஒரு வரி இருக்கு சார். கார்டு ரீசெட் ஆகும்போதெல்லாம் ஸ்கிரீன்ல சிவப்பா ஒரு மெசேஜ் போடுது. மழை நாள்ல லாக் முழுக்க அதுதான். புது சார் அதை எடுத்துடச் சொல்றாரு. எடுத்துடவா?”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. “அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதியிருக்கேனே, படிச்சியா?”

“படிச்சேன் சார். ‘எடுப்பதற்கு முன் பம்ப் கன்ட்ரோல் ரூமில் ஏழுமலையைக் கேட்கவும்’னு இருக்கு. ஏழுமலை யாரு சார்? சாஃப்ட்வேர் ஆளா?”

“போய்க் கேளும்மா. கேட்டுட்டு எடு,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குள் மோட்டார்காரர் நைசாக நழுவிவிட்டார். அந்தக் கோபத்தோடுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் திருமங்கலம் பக்கத்துக்காரன். பாலிடெக்னிக் முடித்து, டிரெய்னியாக நெய்வேலிச் சுரங்கத்துக்கு வந்து, இரண்டு வருடம் டேப்பும் கேபிளும் தூக்கி, அதன் பிறகு கணினிப் பிரிவில் நிரந்தரமானேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. என் கதை கார்டு வந்த நாளில் ஆரம்பிக்கிறது.

மேலிடத்தில் யாருக்கோ ஞானோதயம் வந்து, சுரங்கத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் இனி இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அதே மாதம் வேறொரு பிரிவு, குறைந்த விலைக்கு டெண்டர் கேட்டவரிடம் நானூறு நெட்வொர்க் கார்டு வாங்கிக் குவித்தது. அந்தக் கார்டுக்கும் இந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்பதை இரண்டு தரப்பிலும் ஒருவரும் விசாரிக்கவில்லை. ஒன்றின் பேச்சை மற்றதுக்குப் புரிய வைக்க நடுவில் ஒரு நிரல் வேண்டும். அதுதான் டிரைவர். கார்டு விற்ற ஏஜென்சியைக் கேட்டால், “நீங்களே எழுதிக்கலாம் சார்” என்று தொண்ணூறு பக்கம் ஜெராக்ஸ் எடுத்த ஒரு புத்தகத்தை அனுப்பினார்கள். அதில் நாற்பத்தொன்றாம் பக்கம் இரண்டு முறை இருந்தது, நாற்பத்திரண்டு இல்லவே இல்லை.

அந்த வேலை என் தலையில் விழுந்தது. “பயன்பாட்டில் இல்லை, தொட வேண்டாம்” என்று புத்தகத்தில் போட்டிருந்த ஒரு இடத்தைத் தொட்டால்தான் கார்டு வாயைத் திறக்கும் என்று கண்டுபிடிக்க ஏழு வாரம் ஆனது. மொத்தம் எட்டு மாதத்தில் எழுதி முடித்தேன். அதைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது வருடம் மாரடித்தேன். ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறவர்கள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு வருடத்துக்கு இரண்டு முறை ஏதாவது ஒன்றை மாற்றுவார்கள். நேற்று வரை மூன்று விஷயம் கேட்ட இடத்தில் இன்று நாலு கேட்கும். அவ்வளவுதான், என் டிரைவர் படுத்துவிடும். என் மாமியார் மட்டும் கடைசி வரை நான் கம்பெனி ஜீப் ஓட்டுகிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தார். சில வருடங்களில் எனக்கே அது நல்ல வேலையாகத் தோன்றியது.

கார்டு மலிவு, அதற்கேற்ற புத்தி. சுரங்கத்தில் மழையடித்து மின்சாரம் ஒரு கண் சிமிட்டினால் போதும், அது சிக்கிக்கொள்ளும். அதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தேன். அனுப்பக் கொடுத்த தகவல் ஐந்து வினாடிக்கு மேல் அசையாமல் கிடந்தால் டிரைவர் மூன்று காரியம் செய்யும். கார்டை நிறுத்தும். வரிசையில் காத்திருப்பதை எல்லாம் தூக்கி எறியும். கார்டை மறுபடி கிளப்பும். கிளப்பிய கையோடு “எரர்: கார்டு ரீசெட் ஆனது, இத்தனை தகவல் தொலைந்தது” என்று ஆங்கிலத்தில் ஒரு வரியைத் திரையிலும் ‘லாக்’ என்கிற பதிவிலும் போடும்.

அந்த வரிதான் நாச்சிமுத்து சாரின் கண்ணை உறுத்தியது.

அவர் எங்கள் பிரிவின் தலைவர், கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. காலை எட்டு இருபத்தைந்துக்கு வந்து, சொந்தத் துணியால் மேஜையைத் துடைப்பார். எந்தக் காகிதத்தையும் நின்றுகொண்டே படிப்பார், படித்ததும் மூன்றாக மடிப்பார். மடித்த காகிதம் கையெழுத்தோடு வெளியே வரும், அல்லது இடது பக்க டிராயருக்குள் போகும். டிராயருக்குள் போனது திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. முடியாது என்ற சொல்லே அவர் வாயில் வராது. “அது நமக்கு எதுக்குங்க?” என்பார். அதற்கு முடியாது என்று அர்த்தம்.

மாதா மாதம் ஆய்வுக் கூட்டத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை ‘எரர்’ என்று திரையில் போட்டுக் காட்டுவார்கள். எப்படி எண்ணுவார்கள் தெரியுமா? ஒரு கிளார்க் பதிவுகளைத் திறந்து அந்த ஒரு வார்த்தையைத் தேடி எண்ணிக்கையை எழுதுவார். அது என்ன, எதனால், எவ்வளவு ஆபத்து, ஒன்றும் கிடையாது. அந்த ஐப்பசியில் எங்கள் பிரிவு எல்லாரையும் முந்திக்கொண்டு நின்றது.

கூட்டத்துக்கு மறுநாள் நாச்சிமுத்து சார் கூப்பிட்டார். “ஏனுங்க சண்முகம், இந்த வரி அவசியமுங்களா?”

“சார், தகவல் தொலைஞ்சா தொலைஞ்சதுன்னு சொல்லணும்ல சார்?”

“மறுபடி ஓட ஆரம்பிச்சிருதில்லீங்க? அப்புறம் எதுக்குங்க சொல்லிக்கிட்டு?”

“வேணும்னா எரர்ங்கிறதை எடுத்துட்டு அறிவிப்புன்னு மாத்திடறேன் சார்.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “வார்த்தைய மாத்தினா யாராச்சும் இது என்னன்னு கேப்பாங்க. இல்லாமயே இருந்துட்டா கேக்க மாட்டாங்கல்ல?”

நான் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. இடத்துக்குப் போய், அந்த வரிக்கு முன்னால் இரண்டு சாய்வுக் கோடு போட்டேன். நிரலில் அப்படிக் கோடு போட்டால் அந்த வரி இருந்தும் இல்லாத மாதிரி. நானூறு கம்ப்யூட்டரிலும் புதிய டிரைவரை ஏற்ற ஒன்பது நாள் ஆனது. அடுத்த மாதம் எங்கள் பிரிவுக்குப் பூஜ்யம். கூட்டத்தில் கைதட்டினார்கள், ஒரு கேடயம் கூடக் கொடுத்தார்கள். நாச்சிமுத்து சார் அதையும் தினம் அதே துணியால் துடைத்தார்.

நாலு வருடம் இப்படியே போனது. கார்டு சிக்கும், தகவலைத் தூக்கி எறியும், கிளம்பும். யாருக்கும் தெரியாது.

இப்போது ஏழுமலைக்கு வருகிறேன். சுரங்கத்தின் அடிமட்டத்தில் மழைத் தண்ணீர் சேரும் ஒரு பெரிய குழி உண்டு. அதை இறைத்து வெளியே தள்ளும் பம்ப்புகளை மேலே ஒரு அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலிருந்தே இயக்குவார்கள். ஏழுமலை அங்கே கான்ட்ராக்ட் ஆபரேட்டர். குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமம், சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். நாற்பத்து மூன்று வயதுக்குப் பதினான்கு வருடம் கான்ட்ராக்ட். பெர்மனன்ட் ஆக்கப் போகிறவர்கள் பட்டியலில் அந்த வருடம் அவர் பெயர் வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். அதை நம்பி மகளுக்கு நிச்சயம்கூடச் செய்துவிட்டார்.

கார்த்திகை மாதம், சாயங்காலம் நாலு மணி. பேய் மழை. குழியில் மட்டம் ஏறியதும் ஏழுமலை இரண்டாவது பம்ப்புக்கு ஸ்டார்ட் அழுத்தினார். அழுத்தினால் திரையில் பம்ப் மஞ்சளாகும், அங்கே அது ஓட ஆரம்பித்து செய்தி வந்ததும் பச்சையாகும். மழையில் பச்சை வர பத்து நிமிடம் ஆவது சகஜம். மஞ்சளாக இருக்கும்போது மறுபடி அழுத்தினால் பதினைந்து நிமிடம் வரை அது ஏற்காது. கீழே பம்ப் ஹவுஸுக்குப் போன் போட்டிருக்கிறார், மழை வந்தால் செத்துப்போகும் அந்த லைன் அன்றும் செத்துக் கிடந்தது. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அழுத்தியபோது பம்ப் ஹவுஸின் ஸ்விட்ச் பேனல் தண்ணீருக்குள் இருந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்தத் தளத்தில் மூன்று நாள் வேலை நின்றது.

மூன்று நாள் வேலை நின்றால் யாரையாவது பிடித்தாக வேண்டுமே. வந்து சேர்ந்த கட்டளை மட்டும்தான் பதிவாகும், அதுவும் பம்ப் ஹவுஸ் பக்கம். அந்தப் பதிவில் நாலு மணிக்கு ஒரு கட்டளையும் இல்லை. ஆகவே ஏழுமலை அழுத்தவில்லை, டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று மெமோ கொடுத்தார்கள். அவருடைய கம்ப்யூட்டரில் எத்தனை ரீசெட் ஆனது என்ற எண்ணிக்கை மட்டுமாவது மிச்சம் இருந்திருக்கும். ஆனால் நம் ஊரில் எது கெட்டாலும் செய்கிற முதல் வைத்தியம் ஆஃப் செய்து ஆன் செய்வதுதானே. மறுநாள் காலையிலேயே அதைச் செய்துவிட்டார்கள், எண்ணிக்கையும் போயே போய்விட்டது.

கேன்டீனில் இதைக் கேட்டதும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மழை, மின்சாரம், போய்ச் சேராத கட்டளை. அந்தப் பம்ப் மென்பொருள் ரொம்பப் பழசு. கட்டளையைப் போஸ்ட் கார்டு மாதிரி போட்டுவிட்டு மறந்துவிடும், போய்ச் சேர்ந்ததா என்று கேட்காது. இடத்துக்கு வந்து என் நிரலைத் திறந்தேன். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. ஏழுமலை அழுத்தியது என் டிரைவரின் வரிசையில் வந்து நின்றிருக்கிறது. கார்டு சிக்கியிருக்கிறது. டிரைவர் அதைத் தூக்கி எறிந்திருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய வரிக்கு முன்னால் என் கையால் போட்ட இரண்டு கோடு.

தெரிந்த அன்றே சொன்னேனா? இல்லை. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும். பதவி உயர்வுக்கான இன்டர்வியூ எனக்கு வருகிறதாக இருந்தது. அது முடியட்டும் என்று ஒரு வாரம், ரிசல்ட் வரட்டும் என்று இன்னொரு வாரம், உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று மூன்றாவது வாரம். உறுதியாகத் தெரியும்.

அந்த மூன்றாவது வாரக் கடைசியில் பர்சனல் ஆபீஸ் வாசலில் ஏழுமலையைப் பார்த்தேன். கையில் பிளாஸ்டிக் ஃபைல். பெர்மனன்ட் பட்டியல் அன்று காலைதான் ஒட்டியிருந்தார்கள். “விசாரணை நிலுவையில்” என்று அவர் பெயரை விட்டுவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

“சார், நீங்க கம்ப்யூட்டர் பக்கம்தானே? நான் அமுக்கினேங்க. மழ ஊத்திக்கினு இருந்துச்சு, நான் பாத்துக்கினுதான் இருந்தேன். அமுக்கினது உங்க மிஷினு உள்ள எங்கயாச்சும் கெடக்குமா சார்? கொஞ்சம் தேடிப் பாக்கறீங்களா?”

“பாக்கறேன்” என்றேன். என் முகத்தை அவர் உற்றுப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

அன்று மாலை இரண்டு பக்கம் எழுதி நாச்சிமுத்து சாரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மூன்றாக மடித்தார். “யோசிச்சுச் சொல்றேனுங்க.” இடது டிராயர். ஒரு வாரம் பொறுத்துவிட்டு அதன் நகலை எடுத்துக்கொண்டு விசாரணை அதிகாரியிடமே போனேன். அவர் மெக்கானிக்கல் பிரிவு, மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், இரும்பைத் தட்டிப் பார்த்தால்தான் நம்புகிற ஆள்.

“உங்க டிரைவர் முழுங்கிச்சுன்னு சொல்றீங்க. யாரு பாத்தா?”

“நீங்களே பார்க்கலாம் சார்.”

அந்தச் சோதனைக்கு அனுமதி வாங்கப் பட்டபாடு தனி. பம்ப்பைத் தொடப் பர்மிட், பேனலைத் திறக்க எலெக்ட்ரிக்கல் பர்மிட், கீழே இறங்க வண்டி, மூன்றுக்கும் மூன்று கையெழுத்து. மூவரில் ஒருவர் எப்போதும் லீவு. ஒருவழியாக ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் கூடி வந்தது. பம்ப் ஹவுஸில் ஒரு ஆளை வாக்கி டாக்கியோடு நிறுத்தினேன். வழியில் இருக்கும் நெட்வொர்க் பெட்டியின் பிளக் பக்கத்தில் இன்னொரு ஆள். நான் “இப்போ” என்றதும் அவர் பிளக்கைப் பிடுங்கி, ஒன்று, இரண்டு எண்ணி மறுபடி செருக வேண்டும். மழையின் மின்வெட்டுக்குப் பதில் அது. அந்த நேரத்தில் அதிகாரி ஸ்டார்ட் பொத்தானை அழுத்த வேண்டும். ஏழுமலையும் அறைக்குள் சுவரோரமாக நின்றார்.

முதல் முறை பம்ப் ஓடியது. இரண்டாவது முறையும் ஓடியது. ஆறு முறை ஓடியது. அதிகாரி வாட்சைப் பார்த்தார். சிக்க வேண்டும் என்கிறபோது மட்டும் ஒழுங்காக வேலை செய்யும் சனியன் அந்தக் கார்டு. ஏழாவது முறை அழுத்தினார். மஞ்சள். அப்படியே மஞ்சள். நான் வாக்கி டாக்கியில் கேட்டேன். “ஸ்டார்ட் வந்துச்சா?”

“ஒண்ணும் வர்லீங்க சார்.”

“பதிவுல பாரு.”

“பதிவுலயும் இல்லீங்க. நீங்க அமுக்கவே இல்ல.”

அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “யோவ், இப்பதான்யா அமுக்கினேன்! எல்லாரும் பாத்துக்கினுதானே இருந்தீங்க? நான் அமுக்கினேன்யா!”

சுவரோரத்திலிருந்து ஏழுமலை மெதுவாகச் சொன்னார். “இதைத்தாங்க ரெண்டு மாசமா நானும் சொல்லிக்கினு இருக்கேன்.”

மெமோவை ரத்து செய்தார்கள். எனக்கு எழுத்து மூலம் ஒரு எச்சரிக்கை வந்தது. அதே வாரம் பதவி உயர்வும் வந்து தொலைத்தது, இரண்டு கவரும் ஒரே பியூன் கையில். நாச்சிமுத்து சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு என்னிடம் இன்னும் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார், எனக்கு அதுவே போதுமான தண்டனையாக இருந்தது. ஆனால் ஒட்டிய பட்டியல் ஒட்டியதுதான். “அடுத்த லிஸ்ட்ல பாத்துக்கலாம்” என்றார்கள். அடுத்த லிஸ்ட்டும் அதில் அவர் பெயரும் வர நாலு வருடம் ஆனது. ஏழுமலை மகளின் நிச்சயம் முறிந்துபோனது, அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது ரொம்பப் பிந்தித்தான்.

சோதனை முடிந்த அன்று சைக்கிள் ஸ்டாண்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கோடு போட்டது நான் என்பதையும் சேர்த்து.

சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே கேட்டார். “உங்களுக்கு இது எப்ப சார் தெரியும்?”

“லிஸ்ட் வர்றதுக்கு மூணு வாரம் முன்னாடி.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். சைக்கிளைக் கொஞ்ச தூரம் உருட்டிக்கொண்டு போய்த் திரும்பினார். “அந்த லைனு மறுபடி ஸ்கிரீன்ல வருமா சார்?”

“வரும். நாளைக்கே வரும்.”

“வந்தா உங்களுக்குப் போன் பண்ணி சொல்லுவேன். ஒவ்வொரு வாட்டியும் சொல்லுவேன். நீங்க எழுதிக்கணும்.”

சொன்னபடி செய்தார் மனிதர். அடுத்த நாள் அந்த இரண்டு கோட்டையும் எடுத்து, முதலில் அவர் கம்ப்யூட்டரில் நானே போய் ஏற்றினேன். குறிப்பு எழுதியதும் அன்றுதான். பம்ப் மென்பொருளை மாற்றி, கட்டளை சேர்ந்ததா என்று கேட்க வைக்க மேலும் இரண்டு வருடம் கடிதம் எழுதினேன், கடைசியில் அதுவும் நடந்தது. இனி கார்டு சிக்கினாலும் பம்ப் ஓடும். ஆனாலும் மழை வந்தால் ஏழுமலையின் போன் நிற்காது. என் மகன் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டு கையில் இருக்கும்போது வந்திருக்கிறது. பல்லைப் பிடுங்க டாக்டர் முன்னால் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போது வந்திருக்கிறது. வேறு ஒரு வார்த்தை இருக்காது. “சார், ரீசெட் ஒண்ணு.” நான் எழுதிக்கொள்வேன். நோட்டுப் புத்தகம் நாலு நிறைந்துவிட்டது. எனக்கு எரிச்சலாக வரும். எரிச்சல்பட எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும்.

நேற்று கவிதா மறுபடி போன் செய்தாள். “சார், ஏழுமலை சாரைப் போய்ப் பாத்தேன்.”

“என்ன சொன்னார்?”

“ரொம்ப நல்லாப் பேசினாரு சார். ‘தாராளமா எடுத்துக்கம்மா. எடுத்துட்டு, உங்க புது சாரை ஒரு மழைக்கு வந்து என் சேர்ல உக்காரச் சொல்லு’ன்னாரு. புது சார்கிட்ட அப்படியே சொன்னேன். வரி இருக்கட்டும்னுட்டாரு.”

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேகம் கட்டிக்கொண்டு வந்து, நல்ல மழை. கரண்ட் ஒருமுறை போய் வந்தது. மோட்டார்காரர் இனி இன்று வரமாட்டார். பேனாவை மூடி வைக்கிறேன், போன் அடிக்கிறது.

“சார், ரீசெட் ஒண்ணு.”

“ஏழுமலை, நான் ரிட்டயர் ஆகி ஒன்றரை வருஷம் ஆச்சுங்க.”

“தெரியும் சார். எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டேன்.